ஆழத்து மீன்கள் பற்றி சேவியருக்கு

தூத்தூர்

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் கிடைத்தது. மார்த்தாண்டத்தில் வீடு அர்ச்சிப்பு நல்லபடியாக நடந்ததில் ரொம்ப சந்தோசம். அந்த வாரம் இங்கே மகளுக்குப் பிரசவம், அதனால்தான் வர முடியவில்லை. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

சரி, உன் பேரன் கேட்டதற்கு வருகிறேன். கடலுக்கடியில் அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் அழுத்தி மீன் நசுங்காதா என்கிறான். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும்; 500 மீட்டரில் அது ஐம்பது மடங்கு. கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் மீன்பிடித் திட்டில் நாம் பிடித்த கலவா மீனை நினைத்துப் பார். மேலே இழுக்கும்போது கண் பிதுங்கி, வயிறு வாய்வழியே தள்ளிக்கொண்டு நிற்குமே! மேலே வர வர அழுத்தம் குறைந்து, உள்ளே இருக்கும் காற்றுப்பை ஊதிவிடுவதால் அப்படி. காற்று இருக்கிற இடத்துக்குத்தான் இந்தப் பாடெல்லாம். தண்ணீர் நிறைந்த உடம்பு தாங்கிக்கொள்ளும். 2022-ல் ஜப்பானுக்குத் தெற்கே பசிபிக் கடலில் 8,336 மீட்டர் ஆழத்தில் ஒரு மீன் நீந்துவதைப் படம் பிடித்தார்கள். கூழ் போன்ற உடம்பு அதற்கு! மனுசன் 6,000 மீட்டர் இறங்கவே மத்ஸ்யா 6000 என்கிற நம் நாட்டு நீர்மூழ்கிக் கலத்துக்கு 80 மில்லிமீட்டர் கனத்தில் டைட்டானியம் உருண்டை வேண்டியிருக்கிறது.

ஆனால் பேரனுக்கு நான் சொல்ல ஆசைப்படுவது, ஈரல் எண்ணெய்க்காக நம்ம ஊர்க்காரர்கள் ஆயிரங்கால் தூண்டில் போட்டுப் பிடிக்கும் ஆழ்கடல் சுறாவைப் பற்றி. படகில் ஏற்றியதும் அதன் கண் பச்சையாக மின்னுவது உனக்கு ஞாபகம் இருக்கும். கண்ணுக்குள் ஒரு படலம், வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பி இன்னொரு முறை பார்க்க வைக்கிறது. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. அமிழ்ந்துவிடாமல் காப்பது ஈரல் எண்ணெய்தான். உடல் எடையில் கால்வாசி வரைகூட ஈரல் இருக்கும். அதில் உள்ள ஸ்குவாலீன் என்கிற எண்ணெய்ப் பொருளுக்குத்தான் இத்தனை விலை.

இந்த இனத்தில் சில, ஓர் ஈற்றுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். அதற்கும் ஏறக்குறைய இரண்டு வருசம் சுமக்க வேண்டும். சாளை போலப் பெருகும் மீன் இல்லை. நம் ஆட்கள் லட்சத்தீவு தாண்டிப் போய்த் தொழில் செய்வதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் இந்தச் சுறாவை விட்டுவிட வேண்டும், கேரை, சூரை மீன்களே போதும் என்பதுதான் என் எண்ணம். தம்பியிடம் சொன்னேன். “கடனை யார் அடைப்பா அண்ணே?” என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எண்ணெய்க்கு விலை வைக்கிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

லீவு விட்டதும் பேரனைக் கூட்டிக்கொண்டு வா. தேங்காய்ப்பட்டணத்தில் படகு கரைசேரும் நாளை முன்னாலேயே சொல்கிறேன். கலவாவை அறுத்துக் காற்றுப்பையைக் கையில் கொடுத்துவிடலாம். அப்புறம், உன் மூட்டுவலிக்கு மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ஜோசப்