ஆண்டறிக்கை 2024–25: ‘இந்த வாரம்’ பலகை குறித்துச் செயலாளர் சமர்ப்பிப்பது

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சேலம் அம்மாபேட்டையில் இயங்கிவரும் நம் படிப்பக மன்றத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் கொடியேற்றி மிட்டாய் வழங்கப்பட்டது. பாரதியார் பிறந்த நாளில் மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடந்தது. பொங்கலுக்குக் கோலப் போட்டி நடந்தது. மே மாதம் ஏற்காடு மலர்க் கண்காட்சிக்குப் போவதாக இருந்த பயணம், பெயர் கொடுத்தவர்கள் போதாததால் கைவிடப்பட்டது. செயற்குழு ஆறு முறை கூட வேண்டியது, நான்கு முறை கூடியது. படிப்பகத்துக்கு வரும் நாளிதழ்கள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. மேற்கூரையில் ஒழுகிய இடம் அடைக்கப்பட்டது.

இனி, ‘இந்த வாரம்’ பலகை. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இந்தப் பலகை எதற்கு, இதற்கு யார் பணம்’ என்று சென்ற செயற்குழுவில் சிலர் கேட்ட கேள்விகளுக்கு அன்று பதில் சொல்ல எனக்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

பழைய கரும்பலகை ஒன்றைச் சாயம் அடித்துப் படிப்பக வாசலில் மாட்டினோம். வெள்ளிக்கிழமைதோறும் அதில் ஒரு பரிந்துரை எழுதுவது என்று முடிவானது. பார்க்க, கேட்க, படிக்க, சிரிக்க என்று கலை சார்ந்த ஏதாவது ஒன்று. விதிகள் மூன்றுதான். எழுதுகிறவர் அதைத் தானே நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது முழுதாகப் படித்திருக்க வேண்டும். டவுன் பஸ் கட்டணத்துக்கு மேல் செலவு வைக்கக் கூடாது. நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது சிரிக்க வைப்பதாக இருக்க வேண்டும். மூன்றாவது விதி தலைவர் ஐயா சொன்னது. நாள் முழுக்கத் தறியிலும் பட்டறையிலும் குனிந்திருந்துவிட்டு வருகிறவர்களுக்கு அது அவசியம் என்றார். சரியாகச் சொன்னார்.

முதல் வாரம் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலை எழுதினேன். நம்மில் பாதிப் பேர் அங்கே கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள். தூண்களை நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவு. ‘வாலி நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள், ராமர் தெரிய மாட்டார். ராமர் நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள், வாலி தெரிவான்’ என்று மட்டும் பலகையில் எழுதினேன். இரண்டு தூணுக்கும் நடுவே இதைக் கணக்குப் பார்த்து நிறுத்தியவர்கள், தாரமங்கலத்தை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்துச் சிற்பிகள். அந்த வாரமே பத்துப் பேர் தாங்களாகப் போய்வந்து, ‘அண்ணா, நிஜமாவே தெரியலீங்க’ என்று வந்து சொன்னார்கள். அதன் பிறகுதான் மன்றமாகச் சேர்ந்து ஒரு ஞாயிறு போவது என்று முடிவெடுத்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்றை இந்த அறிக்கையில் பதிவு செய்ய விரும்புகிறேன். அங்கே யாளி வாயில் ஒரு கல்லுருண்டை இருக்கிறது. விரலை விட்டு உருட்டினால் உருளும், வெளியே எடுக்க வராது. கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, அதை உருட்டியபடியே வெகுநேரம் நின்றார். எல்லோரும் அடுத்த தூணுக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் அப்போதும் விரல் உள்ளேயே இருந்தது. ‘சார், கொலுசு முத்துன்னா நாங்க ரெண்டு பாதியா அடிச்சு, உள்ள பரலைப் போட்டு, பொடி வெச்சு ஊதி மூடிருவோம். இதுல மூட்டே இல்லையே. உளி எந்தப் பல்லுக்கு நடுவால போச்சுன்னு தேடுறேன்’ என்றார். முப்பது வருடமாக வெள்ளி வேலை செய்கிறவர். கோயிலைப் பற்றி நான் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை. இந்தப் பலகை எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் வைத்திருக்கும் முதல் பதில் இதுதான்.

அந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 44 பேர். வந்தவர்கள் 23 பேர். 44 பேர் என்று நம்பி இரண்டு வேனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. துண்டு விழுந்த தொகையைத் தலைவர் ஐயாவும் நானும் பகிர்ந்துகொண்டோம். வராதவர்களில் மூவர் மட்டுமே முன்கூட்டித் தகவல் சொன்னார்கள்.

ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவு வளைவைப் பற்றி இரண்டு வாரம் எழுதினேன். தினமும் அதைக் கடந்து போகிறோம், மலைக்குப் போகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-இல் இங்கிருந்துதான் போனது. தமிழில் முதல் முழு நீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் இங்கிருந்துதான் வந்தது. சென்னைக்குப் போகாமல் சேலத்திலேயே உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்கள். பலகையைப் படித்த மூத்த நெசவாளர் ஒருவர் என்னை அங்கே அழைத்துப் போனார். சிறுவயதில் மதில் ஓரமாக நின்று படப்பிடிப்பு பார்த்தவர். இப்போது வீடுகளாகிவிட்ட இடத்தைக் கையால் காட்டிக் காட்டி, ‘இங்கதான் குதிரைங்களைக் கட்டியிருப்பாங்க, அந்தப் பக்கம் அரண்மனை செட்டு’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வாசிக்க விரும்புகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இதுவரை யாரும் கேட்கவில்லை.

சிரிப்பு வாரங்களில் காளமேகப் புலவரின் தனிப்பாடல்கள் நன்றாகப் போயின. நாகை சத்திரத்தைப் பற்றிய பாடல் அதில் ஒன்று. சூரியன் சாயும்போது அரிசி வருமாம், அதைக் குத்தி உலையில் இடும்போது ஊர் அடங்குமாம், ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி எழுமாம். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குக் காத்திருந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. பலகையின் முன் நின்று ஒருவர் படிக்க, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் கேட்டுச் சிரித்ததை நான் உள்ளே இருந்து பார்த்தேன்.

ஆனால் ஆண்டின் ஆகச் சிறந்த பரிந்துரை என்னுடையதல்ல. ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி எழுதியது. தாத்தாவுடன் மேச்சேரிப் பக்கம் கோயில் விசேஷத்தில் தெருக்கூத்து பார்த்துவிட்டு வந்து, கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரனைப் பற்றி எழுதினாள்: ‘கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் பண்ணுகிறான். ராஜாவுக்குக் கோபம் வரவில்லை. பத்து மணிக்கு முன்னாடியே போனால் வேஷம் கட்டுவதைப் பார்க்கலாம்.’ அதைப் படித்துவிட்டு அடுத்து வந்த கூத்துக்கு நானும் இன்னும் நால்வரும் போனோம். பள்ளிக்கூடத் திண்ணையில் ஒரே ஒரு பல்பு. அதன் கீழே முகத்துக்கு அரிதாரம் பூசி முடித்த ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், இன்னொருவர் மார்பிலும் தோளிலும் கட்டை வைத்துக் கயிறு போட்டு இழுத்து இழுத்துக் கட்டினார். அந்த நகை எல்லாம் மரம். கனம் தெரியாமல் இருக்கக் கல்யாண முருங்கையில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்தது. விடிய விடிய ஆட வேண்டும் அல்லவா! கிரீடம் வைத்ததும் அதுவரை நம்மோடு டீ குடித்துக்கொண்டு பேசிய மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். திரைக்குப் பின்னால் போய்ப் பாட்டெடுத்தபோது கேட்ட குரல் வேறு குரல். இவ்வளவு பக்கத்தில் இது நடக்கிறது, 54 வயது வரை நான் பார்த்ததில்லை. அந்த மாணவிக்கு நம் மன்றம் இந்தக் கூட்டத்தில் ஒரு பரிசு வழங்க வேண்டும் என்று பணிவுடன் முன்மொழிகிறேன்.

குகை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் சாமி வேடமிட்டு அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கை, அரசு அருங்காட்சியகத்தின் நடுகற்கள், ஏற்காட்டு ஆர்க்கிட் தோட்டம் ஆகியவையும் பலகையில் இடம்பெற்றன.

மேட்டூர் விஷயத்துக்கு விளக்கம் தர வேண்டும். அணை கட்டி 1934-இல் நீர் தேக்கியபோது பண்ணவாடிப் பக்கத்துக் கிராமங்கள் உள்ளே போயின. நீர் நன்றாக இறங்கினால் அங்கே பழைய தேவாலயக் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும். 2024 ஜூலை 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இதை எழுதினேன். அதற்கு முந்தைய வாரம்தான் நந்தியின் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தேன். காலடியில் சேறு வெடித்து ஓடு ஓடாகக் கிடந்தது. ஓர் உறுப்பினர் குடும்பம் ஜூலை 28-ஆம் தேதி போனது. அதற்குள் கர்நாடகத்தில் மழை பெய்து, தண்ணீர் வந்து, நந்தியும் இல்லை, கோபுரமும் இல்லை. ஜூலை 30-இல் அணை 120 அடியும் நிரம்பிவிட்டது. ‘செயலாளர் பொய் எழுதுகிறார்’ என்று அவர்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டு மிகவும் வருந்தினேன். ‘நீர்மட்டம் கேட்டுக்கொண்டு போகவும்’ என்று கடைசி வரியில் எழுதியிருந்தேன். பலகையின் அடிப்பகுதி மழைச் சாரலில் அழிந்திருக்கக் கூடும். சன்ஷேடு ஒன்று வேண்டும் என்று இரண்டு செயற்குழுவில் கேட்டேன். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

மன்றப் பணத்தில் செயலாளர் ஊர் சுற்றுகிறார் என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். போய்வந்த ஒவ்வொரு பஸ் டிக்கெட்டையும் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒன்றுகூட மன்றக் கணக்கில் ஏறவில்லை. மன்றக் கணக்கில் ஏறியது சாக்பீஸ் பெட்டிகளும் ஒரு துடைப்பானும் மட்டும்.

இன்னொரு கருத்து, ‘இதெல்லாம் செல்போனிலேயே வருகிறதே’ என்பது. வருகிறது, நானும் பார்க்கிறேன். தாரமங்கலத்து யாளி வாயில் விரலை விட்டவர் நம் தெருக்காரர் என்பதால்தான் அடுத்த வாரம் அவர் பட்டறையிலிருந்து ஆறு பேர் போனார்கள்.

இப்போது எண்ணிக்கை. ஆண்டு தொடக்கத்தில் முறை வைத்து எழுதுவதாக 13 பேர் பெயர் கொடுத்தார்கள். ஆளுக்கு நான்கு வாரம், ஆண்டு முழுக்க 52 வாரம், கணக்கு சரியாக இருந்தது. நடந்தது வேறு. என்னைத் தவிர ஐந்து பேர் சேர்ந்து ஒன்பது வாரம் எழுதினார்கள். 39 வாரம் நான் எழுதினேன். நான்கு வாரம் பலகை காலியாக இருந்தது. அந்த நான்கு வாரம் நான் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் இருந்தேன். யாராவது ஒருவர் எழுதுங்கள் என்று போனில் ஏழு பேரிடம் கேட்டேன். எல்லோரும் சரி என்றார்கள். கண்கட்டோடு படுத்திருந்த என்னைப் பார்க்க வந்தவர்களில் மூன்று பேர், ‘என்னங்க, போர்டுல ஒண்ணும் காணோமே?’ என்றுதான் முதலில் கேட்டார்கள். அதில் இருவர் உறுப்பினர்கூட இல்லை. எதிர்ச் சாரி டீக்கடைக்கு வருகிறவர்கள். எனக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் நிறைவு.

வரவு செலவு. தணிக்கை செய்த கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவு சென்ற ஆண்டைவிடக் குறைவு, செலவு ஏறக்குறைய அதே அளவு, கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வாடகை பாக்கி இல்லை. மாதச் சந்தா 30 ரூபாய். உறுப்பினர் 118 பேரில் ஆண்டு முழுவதும் செலுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. வேலை குறைந்து தறி நிற்கும் வீடுகள் எவை என்பது எனக்குத் தெரியும், அவர்களை நான் கேட்டதும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை. வசதி இருந்தும் இரண்டு ஆண்டாகத் தராதவர்களைத்தான் சொல்கிறேன். பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் ஐயா கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன். எல்லா வகையிலும் துணை நின்ற தலைவர் ஐயாவுக்கும், கணக்கைச் சீராக வைத்திருக்கும் பொருளாளருக்கும், இடத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்திருக்கும் கட்டட உரிமையாளருக்கும், பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கி தந்த அன்பருக்கும், பலகையைத் தினமும் துடைத்து வைக்கும் படிப்பகப் பணியாளர் அக்காவுக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி மனம் திறந்து சொல்கிறேன். எனக்கு ஒரு கண்ணில்தான் அறுவை முடிந்திருக்கிறது. இன்னொன்றுக்கு மருத்துவர் நாள் குறிக்கச் சொல்லியிருக்கிறார். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். முன்வராவிட்டால் சென்ற ஆண்டைப் போலவே பொதுக்குழுவின் விருப்பத்துக்குக் கட்டுப்படுவேன். யார் பொறுப்பேற்றாலும் பலகையை மட்டும் கழற்றி விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வாரத்துக்கு எட்டு வரி. நடை தேவையில்லை, எழுத்துப் பிழை வந்தால் நான் திருத்தித் தருகிறேன். உங்கள் வீட்டுப் பாட்டி பாடும் தாலாட்டு, உங்கள் ஊர்க் கோயில் தேரில் யாரும் கவனிக்காத ஒரு பொம்மை, நீங்கள் வேலைக்குப் போகும் வழியில் சுவரில் ஒருவர் வரைந்திருக்கும் படம் என்று எதுவும் சரிதான். நீங்கள் பார்த்ததாக இருந்தால் போதும்.

கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்குப் போகும் வழியில் மேசைமேல் இரண்டு நோட்டு வைக்கப்பட்டிருக்கும். சிவப்பு அட்டை சந்தாவுக்கு, பொருளாளர் பக்கத்திலேயே இருப்பார். நீல அட்டை பலகைக்கு. 52 வெள்ளிக்கிழமைகளின் தேதியும் எழுதி, எதிரே பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். முதல் இரண்டு வாரத்துக்கு என் பெயரைப் போட்டிருக்கிறேன். மூன்றாம் வாரம் எனக்கு மருத்துவமனை நாள்.

இப்படிக்கு,
செயலாளர்