மே மாசத்துக்கு பிளஸ் ஒன் புத்தகம்

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்புள்ள புவனா,

நலம்தானே? அண்ணன், பசங்க எல்லாம் சௌக்கியமா? இங்கே அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு. வெள்ளி விலை ஏறின ஏற்றத்துல இவருக்குக் கொலுசுப் பட்டறையில பாதி நாள் வேலை இல்லை. மல்கோவா மாம்பழம் வந்ததும் அனுப்பறேன். போன தடவை மாதிரி குண்டுதான் வேணும்னு அடம் பிடிக்காதே.

விஷயத்துக்கு வரேன். போன்ல சொன்னா நடுவுல புகுந்து டீச்சரம்மா ஆயிடுவே, அதான் எழுதறேன். என் பொண்ணு நித்யாவை ஸ்கூல் சம்மர் கிளாஸ்ல இருந்து நிறுத்திட்டேன். முழுசாப் படிச்சுட்டு அப்புறம் திட்டு.

பிளஸ் ஒன் பரீட்சை முடிஞ்ச கையோட பிளஸ் டூ பாடத்தை ஆரம்பிச்சுட்டாங்க. காலையில ஏழரைக்குப் போனா மத்தியானம் கத்திரி வெயில்ல முகம் செவந்து வருவா. கோடை லீவுல கிளாஸ் வைக்கக் கூடாதுன்னு கல்வித்துறை வருஷா வருஷம் சுற்றறிக்கை விடுது. அதுக்காகவே யூனிஃபார்ம் வேண்டாம், கலர் டிரெஸ்ல வாங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருக்காங்க. படிக்கப் போற பிள்ளை எதுக்குடி ஒளிஞ்சு போகணும்? எனக்கு அதுவே பொறுக்கலை. ஆனா நிறுத்தினதுக்குக் காரணம் அதுவும் இல்லை, வெயிலும் இல்லை.

ஒருநாள் ராத்திரி காஸ் விதியை எழுதிப் பார்த்துட்டு இருந்தா. நிலை மின்னியல், ஃபிசிக்ஸ்ல முதல் பாடம். தொகைக் குறி, அதுல ஒரு வட்டம், ‘ஈ’ங்கிற எழுத்து மேல அம்புக்குறி, ஒரு புள்ளி, டிஏ மேல இன்னொரு அம்புக்குறி, கடைசி விடையைச் சுத்தி ஸ்கேல் வச்சுப் போட்ட கட்டம். கையெழுத்து அவ்வளவு அழகு. “நடுவுல இந்தப் புள்ளி எதுக்கு கண்ணு?”ன்னு கேட்டேன். “அப்படித்தாம்மா போடணும், போடலைன்னா மார்க் போயிடும்”னா. அது ரெண்டு வெக்டரைப் பெருக்கற குறியாச்சே, பிளஸ் ஒன்ல வெக்டர் நடத்தலையான்னு கேட்டேன். அது கணக்குப் புத்தகத்துல ரெண்டாம் வால்யூமாம், முக்கியமான கணக்கை மட்டும் குறிச்சுக் குடுத்தாங்களாம். வெக்டர், எல்லைகள், வகையிடல், தொகையிடல் எல்லாம் அந்த வால்யூம்லதான் இருக்கு. அந்த மொத்தப் புத்தகத்துக்கும் அதே கதிதான். கொஞ்ச நேரம் பேசாம இருந்தவ, “புரியலைன்னு யார்கிட்ட சொல்றதுன்னே தெரியலைம்மா, எல்லாரும் வேகவேகமா எழுதறாங்க”ன்னா. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை புவனா.

உனக்குத் தெரியாதது இல்லை. பிளஸ் ஒன்னை எல்லாரும் தாண்டிக் குதிக்கறாங்கன்னுதானே 2017-18ல அதுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தாங்க? இப்போ 2025-26ல இருந்து அதை எடுத்துட்டாங்க. வரிசையா பத்து, பதினொண்ணு, பன்னிரண்டுன்னு பொதுத்தேர்வு எழுதின பிள்ளைங்களைப் பார்த்தவ நான். ஒரு வருஷமாவது மூச்சு விடட்டும்னு சந்தோஷப்பட்டேன். அந்த மூச்சையும் பள்ளிக்கூடம் எடுத்துக்கிச்சு. நம்ம கணக்கு வாத்தியார் கொம்பன் சார் பிளஸ் ஒன் முழுக்க லிமிட்டை வச்சே ஓட்டினாரே, ஞாபகம் இருக்கா? நீதான் பின்பெஞ்ச்ல ‘இன்டெக்ரேஷன் இளவரசி’ பட்டம் வாங்கினே. அந்த ஒரு வருஷம் இல்லைன்னா நீ இன்னிக்கு ஃபிசிக்ஸ் நடத்துவியா, சொல்லு.

இன்ஜினியரிங் கட்-ஆஃப்ல கணக்கு 100, ஃபிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, ஆக 200. எல்லாம் பிளஸ் டூ மார்க்தான், பிளஸ் ஒன்னை யாரும் கேக்கப் போறதில்லைன்னு கிளாஸ் மிஸ் சொல்றாங்க. சரி, ஐஐடிக்கு எழுதற ஜேஇஇ நுழைவுத்தேர்வு கேக்குமே? ரெண்டு வருஷப் பாடமும் அதுல இருக்கே. அதை விடு, சித்தி பையன் அவ்வளவு நல்ல கட்-ஆஃப்ல காலேஜ் போயும் எம்-ஒன்ல, அதான் முதல் செமஸ்டர் கணக்குல, அரியர் வச்சான். பிளஸ் டூ கணக்கு ரெண்டாம் வால்யூம்ல வர்ற பாடங்களோட பேரைப் பாரேன், ‘வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்’, ‘தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்’. முதல்ல அந்த நுண்கணிதம் தெரிஞ்சாத்தானே அதைப் பயன்படுத்த முடியும்?

அதனால மூட்டை கட்டிட்டு ஏற்காடு மலையில நாகலூர்ல இருக்கிற அக்கா வீட்டுக்கு வந்துட்டோம். இடையில அம்மாவைப் பார்க்க இறங்கி வந்தேன், நாளைக்கு மறுபடி ஏறிடுவேன். சேலம் நாற்பது டிகிரியில கொதிக்கும்போது அங்கே விடிகாலையில சால்வை கேக்குது. காலையில மட்டும் பிளஸ் ஒன் கணக்கு. ஒரு கணக்குக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். மத்தியானம் அவ இஷ்டம்.

அப்படி ஒரு மத்தியானம் நடந்ததைக் கேளு. அவ கெமிஸ்ட்ரி முதல் வால்யூம்ல உலோகவியல் பாடத்தைப் புரட்டிட்டு இருந்தா. மாமா அந்தக் காலத்துல மால்கோங்கிற அலுமினியம் கம்பெனிக்கு லோடு அடிச்சவர் இல்லையா, எட்டிப் பார்த்துட்டு, “பாக்சைட்டா? நம்ம சேர்வராயன் மலை மண்ணுதானே, மேட்டூருக்கு நானே எத்தனை லோடு இறக்கியிருக்கேன்”னார். தோட்டத்து மூலையில இருந்து செம்பழுப்பா ஒரு கல்லையும் தேடி எடுத்துட்டு வந்தார். அதை மடியில வச்சுக்கிட்டே பாடத்தை வரி வரியாப் படிச்சா. அலுமினா உருக 2000 டிகிரிக்கு மேல சூடு வேணும், கிரையோலைட் சேர்த்தா ஏறக்குறைய பாதியிலேயே மின்னாற்பகுப்பு செய்யலாம்னு அவளே எனக்குச் சொல்றா! அப்புறம் ஒரு கேள்வி: “மலை இங்கே இருக்கு, கம்பெனியை ஏம்மா மேட்டூர்ல வச்சாங்க?” நான் வாயைத் திறக்கலை. ராத்திரி சாப்பிடும்போது, “டேம் கரண்டும்மா! அலுமினியம் எடுக்கறதுக்குக் கரண்ட்தானே எல்லாம்”னு கத்தினா. நேரா ரெண்டாம் வால்யூமை எடுத்து மின்வேதியியலைத் திறந்துட்டா. யாரும் சொல்லலைடி, அவளாவே!

ஆனா பயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சு, ஜூன்ல மத்த பிள்ளைங்க நாலு பாடம் முடிச்சிருப்பாங்க, பின்தங்கினா நாங்க பொறுப்பில்லைன்னு. மாமியார் நான் பிள்ளை வாழ்க்கையோட விளையாடறேன்னு சொல்றாங்க. இவர் மட்டும் ‘நீ பார்த்துக்கோ’ன்னுட்டார். மார்ச் வரைக்கும் இந்தப் பேச்சைக் கேட்டுட்டுத்தான் இருக்கணும். 600க்கு எவ்வளவுன்னு ஊரே கேக்கும், எனக்கும் அது வேணும்தான். புள்ளி எதுக்குன்னு தெரிஞ்சு வாங்கட்டுமே.

நீ ஒரு வாரம் வரணும். கணக்கை நான் பார்த்துக்கறேன், மின்னியல் நீ சொன்னாத்தான் அவளுக்கு ஏறும். ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ஏறினா விடியறதுக்கு முன்னாடியே சேலம் ஜங்ஷன். கோடை விழா நாளா இருந்தா இருபது கொண்டை ஊசி வளைவுலயும் வண்டி நகராது, அதனால விழா முடிஞ்ச பிறகு வா. உன் லேப்ல இருக்கிற கால்வனோமீட்டர், ஒரு சட்டக்காந்தம், கம்பிச்சுருள் எடுத்துட்டு வா. காந்தத்தை உள்ளே விட்டா முள் துடிக்கறதை அவ இதுவரை கண்ணால பார்த்ததே இல்லையாம், படத்துலதான் பார்த்திருக்கா.

தேதி முடிவானதும் ஒரு மெசேஜ் போடு. மாமா அடிவாரத்துக்கு ஜீப் எடுத்துட்டு வருவார், அவருக்கு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லணும்.

அன்புடன்,
கலா