சாயம் போட்ட மேசையைச் சுரண்டுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டிலேயே மரச்சாமான் செய்வது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடைசிப் பத்தி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பாலிஷ் முடிந்த பிறகு நிறத்தில் திட்டு தெரிந்தால் உப்புத்தாளால் மொத்தமாகத் தேய்த்துவிட்டு மறுபடி சாயம் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐயா, போன வருடம் அதே மாதிரி தேய்த்துத்தான் நான் ஒரு மேசையைப் பாதி நாசம் செய்தேன்.

மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாளே என்று ரப்பர் மரப் பலகையில் ஒரு படிப்பு மேசை செய்தேன். எங்கள் குமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் சுலபமாகக் கிடைக்கும், வெளுப்பான மரம், எந்தச் சாயம் போட்டாலும் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் கரைக்கிற பழுப்புச் சாயப் பொடி, அதன் மேல் இரண்டு கை ஃபிரெஞ்சு பாலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குத்தான்), அதற்கும் மேல் வார்னிஷ் என்று போட்டேன். சாயம் அடித்த உடனேயே மூட்டுகளின் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு வெளுப்பாகத் தெரிந்தது, ஒட்டும்போது வழிந்த பசையை நான் சரியாகத் துடைக்கவில்லை, பசை காய்ந்த இடத்தில் சாயம் இறங்காது. வார்னிஷ் போட்டால் மறைந்துவிடும் என்று நினைத்தேன். மறைவதாவது, விளக்குப் போட்டுக் காட்டியது போல இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

அப்புறம்தான் 80-ம் நம்பர் சொரசொர உப்புத்தாளை எடுத்தேன். சாயம் மரத்துக்குள் ஒரே ஆழத்துக்கு இறங்குவதில்லை, முனைகளில் அதிகம் குடிக்கும், நடுவில் தோலளவுதான். அதனால் அங்கங்கே வெள்ளை மரம் வெளியே வந்து மேசையின் மேல்பலகை முழுக்கத் தேமல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது, அந்தக் கோலத்திலேயே மறுபடி சாயம் போட்டேன், சொரசொரத் தாள் கீறிய கோடெல்லாம் கறுத்துப்போனது.

கடைசியில் எங்கள் ஊரில் நாற்பது வருடமாகப் பாலிஷ் வேலை பார்க்கிற ஓர் அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன். அவர் தாளைத் தொடவே இல்லை. இழுப்பறை முகப்பில் இருந்த ஒரு கீறலில் விரலில் எச்சில் தொட்டு வைத்தார். “ஈரம் பட்டதும் கீறல் மறையுதுல்லா, அப்ப அடிபட்டது வார்னிஷ் மட்டுந்தான், நெறம் அப்படியே இருக்கு. மறையலன்னாதான் நெறம் போச்சுன்னு அர்த்தம். இதப் பாக்காம ஏன் தம்பி சொரண்டுத?” என்றார். அந்தக் கீறலுக்கு ஒரு கை வார்னிஷே போதுமானதாக இருந்தது.

பசைத் திட்டுக்கு அவர் செய்த வைத்தியம் வேறு. சாயம் என்பது டிகாஷன் மாதிரி, மரம் குடித்தால்தான் நிறம். காவிப் பொடி செம்மண் கலங்கல் மாதிரி மேலேயே உட்காரும், அதற்குப் பசை இருந்தாலும் ஒன்றுதான். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் காவியும் துளி விளக்குக் கரியும் கலந்து, மெல்லிய தூரிகையால் மரத்தின் ரேகை போகிற வாக்கிலேயே கோடு கோடாக இழுத்தார். முதலில் வேண்டியதைவிட வெளுப்பாக, காய்ந்ததும் இன்னொரு தடவை, அப்புறம் இன்னொன்று. தப்பினால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தெடுத்துவிடலாம், நன்றாகக் காய்ந்த வார்னிஷை ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது. நிறம் சேர்ந்த பிறகு மேலே வார்னிஷ். இழுப்பறை, கால்கள் எல்லாம் இப்படித்தான் தேறின. நான் தேய்த்துக் கெடுத்த மேல்பலகையை மட்டும் வெள்ளை மரம் வரும்வரை முழுசாக இழைத்து முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று, இரண்டு நாள் வேலை, கூலி தனி.

மழைக்காலத்தைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. எங்கள் பக்கம் ஜூனிலும் பெய்யும், அக்டோபரிலும் பெய்யும். ஈரக் காற்றில் ஃபிரெஞ்சு பாலிஷ் போட்டால் பால் தெளித்த மாதிரி வெளுத்துவிடும், பலர் சாயம்தான் கெட்டுவிட்டது என்று சுரண்டத் தொடங்குகிறார்கள். வெயில் அடிக்கிற ஒரு நாளில் லேசாக ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரே வீச்சில் துடைத்தால் பெரும்பாலும் அது போய்விடும்.

இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் தடவச் சொன்னவர்கள் அந்தத் துணியை என்ன செய்வது என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும். அடுத்த இணைப்பில் இதையாவது பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை