ஆணுக்குக் கவசம், பெண்ணுக்கு நீச்சல் உடையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த இரண்டு கடிதங்களையும் வாசித்தேன். வீடியோ கேம்களில் பெண் பாத்திரங்கள் அரைகுறை உடுப்போடு வருகிறார்கள், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், எல்லாவற்றையும் தடை செய்யுங்கள் என்று ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். அதே விஷயத்தை இன்னொரு தம்பி, "விளையாட்டுத்தானே, பம்பலாக எடுக்கத் தெரியாதா?" என்று கேட்டு முடித்துவிட்டார். இரண்டு பேரோடும் எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது.

நான் வீட்டில் தையல் செய்கிறவள். அதற்கு முதல் ஐந்து வருடம் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை பார்த்தேன். அக்காவின் மகன், என் பெறாமகன், உயர்தரம் படிக்கவென்று என்னோடு தங்கியிருக்கிறான். தையல் மெசினுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து அவன் படித்ததைவிட போனில் பிரீ பயர் என்ற சுடுகிற கேம் விளையாடியதுதான் கூட. ஊசியில் நூல் கோக்கிற நேரம் நானும் எட்டிப் பார்ப்பேன். பிறகு அவன் யூடியூப்பில் பெரிய கேம்கள் பார்க்கும்போதும் பக்கத்தில் இருக்கத் தொடங்கினேன். இப்போது அவன் கூப்பிடாமலே போய் இருக்கிறேன்.

கண்ணிவெடி வேலைக்குப் போடுகிற கவசம் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கழுத்திலிருந்து முழங்கால் மட்டும் தொங்குகிற தடித்த அங்கி. பட்டிகளை முதுகுப் பக்கம் இழுத்துக் கட்ட வேண்டும். முகத்துக்கு முன்னால் கண்ணாடி மாதிரித் தடித்த மறைப்பு. ஆடி மாதம் சோளகம் அடிக்க அடிக்க, முழங்காலில் இருந்து வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் இழுப்போம். மூச்சுப் பட்டு மறைப்பு புகைத்துப் போகும். மூக்கு நுனியில் வியர்வை நின்று அரிக்கும். துடைக்க வழியில்லை, வேலை நேரத்தில் மறைப்பை உயர்த்தக் கூடாது. விடிய எழும்பி முதல் வேலையே தலைமயிரைப் பின்னி மடித்துக் கட்டுவதுதான். அந்த அங்கியை விரும்பிப் போட்ட ஒரு பெண்ணையும் நான் காணவில்லை. கழற்றி வைத்துவிட்டு மண்ணைத் தொட்ட ஒருத்தியையும் காணவில்லை.

இதைப் பழகிய கண்ணோடு கேம் பார்த்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? ஒரே படையில் ஆண் தலையிலிருந்து பெருவிரல் வரை இரும்பில் நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில் நிற்பவளுக்கு நெஞ்சில் இரண்டு இரும்புக் கிண்ணம், வயிறு முழுக்க வெளியில், இடுப்பு வரை விரித்துவிட்ட கூந்தல். "ஏன்டா, குண்டு இவளின் வயிற்றில் படாதோ?" என்று கேட்டேன். "சித்தி, இது கேம்" என்றான். சரி, அந்தக் கிண்ணம் எதில் கொழுவி நிற்கிறது? பட்டியையும் காணவில்லை, கொக்கியையும் காணவில்லை. தையல்காரிக்கு இதெல்லாம் கண்ணில் குத்தும்.

ஆயுதம் பிடித்த பெண் எப்படி உடுத்தி நிற்பாள் என்று வன்னியில் என் வயதுக்காரருக்கு யாரும் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. அதை இதற்கு மேல் எழுதவில்லை.

இது புதிய கதையும் இல்லை. 1986இல் வந்த மெட்ரொய்ட் என்ற கேமில் முழுக் கவசத்தோடு சண்டை பிடிக்கிற சாமஸ் ஒரு பெண் என்பது கடைசியில்தான் தெரியவரும். அது நல்ல யோசனை. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் கேமை முடித்தவனுக்கு என்ன பரிசு தெரியுமா? அவளை நீச்சல் உடையில் காட்டினார்கள். 1996இல் டூம் ரெய்டர் என்ற கேம் வந்தபோது அதன் நாயகி லாரா குரொஃப்ட் பெரு நாட்டு மலையில் பனிக்குள்ளே கட்டைக் காற்சட்டையோடு திரிந்தாள். 2013இல் அவளைத் திரும்பச் செய்தவர்கள் நீளக் காற்சட்டை போட்டுவிட்டார்கள். உடம்பெல்லாம் சேறும் காயமும். அந்த லாரா ஏறி விழும்போது எனக்கும் முழங்கை நொந்தது.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது 2015இல் வந்த மெட்டல் கியர் சொலிட் ஐந்து என்ற கேமில் வரும் குவயற் என்ற பெண்ணைப் பார்த்துத்தான். குறி தவறாமல் சுடுகிறவள். நெஞ்சில் ஒரு துண்டு, கிழிந்த காலுறை, அவ்வளவுதான் உடுப்பு. காரணம் கேட்டால் அவள் தோலால் மூச்சு விடுகிறாளாம், உடம்பில் ஒட்டுண்ணி இருக்கிறதாம், உடுப்புப் போட்டால் மூச்சு முட்டுமாம். அதே கேமில் ஒட்டுண்ணியோடு வாழ்கிற கிழவர் ஒருவரும் வருகிறார். அவர் வடிவாக உடுத்தித்தான் இருக்கிறார். காட்ட விருப்பம் என்றால் காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. எதற்கு விஞ்ஞானத்தை இழுக்கிறார்கள்?

இதற்காக என்னை விசர்த்தனம் பிடிக்காத ஆள் என்று நினைக்க வேண்டாம். பப்ஜி என்ற சுடுகிற கேமில், பொரிக்கிற தாச்சியைப் பின்பக்கம் கொழுவிக்கொண்டு ஓடினால், சுடுகிற குண்டு அதில் பட்டுத் தெறிக்கும். நான் நன்றாகச் சிரித்தேன். அந்தத் தாச்சி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். 2009இல் வந்த பயோனெட்டா என்ற கேம் இன்னும் பெரிய கூத்து. அதன் நாயகி பயோனெட்டாவின் உடுப்பே அவளின் தலைமயிர்தான். மயிரை ஏவிச் சண்டை பிடிக்கும்போது உடுப்புக் குறைந்து போகும். ஓய்வு பெற்ற ஆசிரியர் பார்த்தால் மயங்கி விழுவார். எனக்கு அது பிடித்திருந்தது, ஏனென்றால் அந்த உலகம் முழுவதுமே விசர், அந்தக் கூத்தை ஆட்டுவிக்கிறவளும் அவளேதான். அவளின் தோற்றத்தை வரைந்தவரும் ஒரு பெண்தான், மாரி ஷிமசாகி. எல்லோரும் கோமாளி வேசம் போட்ட இடத்தில் அவளும் போட்டால் அது பம்பல். மற்றவர்கள் எல்லாம் கவசத்தோடு நிற்க அவளை மட்டும் உரித்து நிறுத்தினால், தம்பி, அதில் யார் சிரிக்கிறார்கள் என்று ஒருக்கால் பாருங்கள்.

ஆசிரியர் ஐயாவுக்கும் ஒரு சொல். இடுப்புத் தெரிவதுதான் குற்றம் என்றால் நான் தைத்துக் கொடுக்கிற சாறிச் சட்டைகளில் பாதியைப் பிரித்துத்தான் போட வேண்டும். தடை என்று எழுதுவது சுகம். இந்தியாவில் 2020இல் பப்ஜியை நிறுத்தினார்கள், அதுவும் உடுப்புக்காக இல்லை, சீனத் தொடர்புக்காக. அடுத்த வருடமே வேறு பெயரில் வந்துவிட்டது. என் வீட்டில் சண்டை வருவது வயிறு தெரிவதால் அல்ல, கேமுக்குள் உடுப்பு வாங்க வைரம் என்ற கேம் காசு வேண்டும் என்று அவன் ரீலோட் காசு கேட்பதால்.

இன்னொன்று. 2020இல் வந்த ‘த லாஸ்ட் ஒஃப் அஸ்’ என்ற கேமின் இரண்டாம் பாகத்தில் அபி என்று ஒரு பெண் வருகிறாள். திரண்ட கை, தடித்த தோள். பெறாமகன் முகத்தைச் சுளித்தான். "ஆம்பிளை மாதிரிக் கிடக்கு. இப்படிப் பொம்பிளை எங்க இருக்கு?" நான் மெசினை நிறுத்திவிட்டு அளவுக் கொப்பியை எடுத்தேன். என்னோடு முகமாலையில் வாரி இழுத்த அக்கா ஒருவருக்குப் போன மாதம் சட்டை தைத்தேன். மேல்கை சுற்றளவு பதின்மூன்றரை அங்குலம். அவனுடைய கையை அளந்தேன். பத்தேகால். அன்றைக்குப் பிறகு அபியைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

பிரீ பயரில் அவன் வைத்திருப்பதும் பெண் பாத்திரம்தான், பார்க்க வடிவாம். நேற்று இரவு எட்டிப் பார்த்தால், அவள் நீளக் காற்சட்டையும் கழுத்து மூடின சட்டையும் போட்டு, தலையில் கரடி முகம் ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் சொன்னதைக் கேட்டுத்தான் மாற்றினாயோ என்று கேட்டேன்.

"இல்லை சித்தி, இது ஃப்ரீயாக் கிடைச்சது."

இங்ஙனம்,
வாசகி ஒருத்தி,
தருமபுரம், கிளிநொச்சி.