ஆட்டுக்குச் சீல் உண்டு, பன்றிக்கு?

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பன்றி அறுக்க ஒரு கூடமும், கறியைப் பார்த்துச் சொல்ல ஒரு கால்நடை மருத்துவரும் வேண்டும் என்று மூன்று மனு கொடுத்துவிட்டேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலும் மூன்று முறை வந்துவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேட்டால் பரிசீலனை கொஞ்சம் நகருமோ என்று எழுதுகிறேன்.

விடியற்காலை நாலரை மணி. வழக்கம்போல் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து ஒரு வெண்பன்றியை அறுத்தோம். தொடையில் கத்தி வைத்ததும் அரிசி அரிசியாகக் கொப்புளம். ஒன்றைக் கீறினேன், தண்ணீர், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. நாக்கின் அடியைத் தடவினால் அங்கும் தட்டுப்பட்டது. நாடாப்புழுவின் குஞ்சுதான். எண்பது கிலோ உருப்படி. வாசலில் தூக்குவாளியோடு நாலு பேர் நின்றார்கள். திருப்பி அனுப்பிவிட்டு, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தேன். எல்லோரும் புதைப்பார்கள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஒன்றிரண்டு கொப்புளம் மட்டும் இருந்திருந்தால் என் கண்ணிலேயே படாமல் விற்றிருப்பேன். அதற்குத்தான் மருத்துவர் கேட்கிறேன்.

பன்றிக்கு இது மனித மலத்திலிருந்து வருகிறது. ஆடிக்காற்றில் கொட்டகை சாய்ந்தபோது அந்தப் பன்றி ஒரு வாரம் குளக்கரையில் மேய்ந்தது. ஜனங்கள் ஏன் குளக்கரையில் ஒதுங்குகிறார்கள் என்று கேட்காதீர்கள். பொதுக் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. பன்றி பிடிக்கிற வண்டி மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறது!

பன்றிக்கறி தின்பவன் பாடு என்று விட்டுவிடவும் முடியாது. வேகாத கறியால் ஒருவர் குடலில் புழு வளர்ந்து, புழுவின் முட்டை ஒட்டிய கையைக் கழுவாமல் அவர் பரிமாறினால், தயிர்சாதம் சாப்பிட்டவருக்கும் மூளையில் அதே கொப்புளம் வரலாம், வலிப்பு வரலாம். இது வராமல் இருக்கப் பன்றிக்குப் போடும் தடுப்பூசி ஹைதராபாத்தில் தயாராகிறது. ஆக்ஸ்ஃபெண்டசோல் என்ற புழு மருந்தைப் பன்றிக்கு ஒரே ஒரு முறை கொடுத்தால் தசைக்குள் இருப்பது சாகும். இங்கே மருந்தகத்தில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

சரி, கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். ஆட்டுத்தொட்டிக்கு மருத்துவர் வருகிறார், பார்க்கிறார், சீல் குத்துகிறார். எங்களுக்கும் அதுதான் வேண்டும்: ஒரு கூடம், ஒரு மருத்துவர். கூடம் கட்டும்வரை ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் அவர் என் கொட்டகைக்கு வந்தாலும் போதும். வண்டிச் செலவை நானே தருகிறேன்.

இப்படிக்கு,
நான்காவது மனுவோடு,
வெண்பன்றி வளர்ப்பவன்