கழுத்துக் கருப்பும் சுகர் மாத்திரையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் அழுதது இன்னும் காதிலேயே இருக்கிறது. "எனக்குச் சுகர் வந்துடுச்சாம்மா, முப்பது வயசுகூட ஆகலையே" என்று கேட்டாய், எனக்கும் ஒரு நிமிடம் கை நடுங்கிவிட்டது, அப்புறம் நீ வாட்ஸப்பில் அனுப்பிய சீட்டைப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது. சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் 500, ஒரு வாரத்துக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, அதன்பின் காலையிலும் ஒன்று. கீழே பிசிஓஎஸ், அதாவது நீர்க்கட்டி என்கிறார்களே அந்தச் சினைப்பைக் கோளாறு, என்று எழுதியிருக்கிறது. உன் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.5. உனக்குச் சுகர் இல்லை பாப்பா. அழாதே. போனில் இதையெல்லாம் நிதானமாகச் சொல்ல முடியவில்லை, உனக்கும் ஆபீஸ், மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்தார், அதனால்தான் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், முழுசாகப் படி.

அரசு ஆஸ்பத்திரி மருந்து கவுன்ட்டரில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவள் நான். இந்த வெள்ளை மாத்திரையை எத்தனை ஆயிரம் பேர் கையில் கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். நடுவில் எப்போதாவது இருபது இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி சீட்டை மடித்து யாரும் பார்க்காதபடி நீட்டுவாள், மாத்திரையைப் பார்த்ததும் உன்னைப் போலவே முகம் வெளுத்துப்போகும். வரிசை பெரிதாக இருக்கும், "டாக்டர் சொன்னபடி சாப்பிடும்மா" என்று அனுப்பிவிடுவேன். இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனசை அரித்துக்கொண்டிருக்கிறது. உனக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயதில் கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கருத்துப்போனது ஞாபகம் இருக்கிறதா? நீ ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று திட்டினேன். பீர்க்கங்கூட்டை வைத்து, பயத்தமாவும் எலுமிச்சைச் சாறும் போட்டு, தோல் சிவக்கும்வரை தேய்த்தேன். நீ "எரியுதும்மா" என்று கத்துவாய். அது அழுக்கே இல்லை. உடம்பில் இன்சுலின் அதிகமாக ஓடினால் தோல் அப்படித் தடித்து வெல்வெட் மாதிரி கருக்கும். கண்ணெதிரே எழுதி வைத்த மாதிரி இருந்தது, மருந்துத் துறையிலேயே இருந்த எனக்குப் படிக்கத் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு.

அந்தக் கழுத்துக் கருப்பும், நீ மாதாமாதம் முகவாயில் த்ரெட்டிங் செய்வதும், ஐந்து மாதமாகப் பீரியட்ஸ் வராததும் தனித்தனிச் சங்கதிகள் போலத் தெரியும். பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து வருபவை. நாம் சாப்பிடுவது சர்க்கரையாகி ரத்தத்தில் சேரும்போது இன்சுலின் போய்ச் சதையைத் தட்டித் திறக்கச் சொல்கிறது. உன்னைப் போன்றவர்களுக்குச் சதையும் ஈரலும் காது கொடுப்பதில்லை, அதனால் கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது, சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும், உள்ளே இன்சுலின் மட்டும் எகிறியிருக்கும். சதைக்குத்தான் காது மந்தம், சினைப்பைக்கு நன்றாகவே கேட்கிறது. அத்தனை இன்சுலினும் சினைப்பையைப் போய் உசுப்பி, ஆண்களுக்கு அதிகமாக இருக்கும் டெஸ்டோஸ்டிரோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அதோடு, அந்த ஹார்மோனைக் கட்டிப்போட்டு வைக்கும் ஒரு புரதத்தை ஈரல் தயாரிப்பதையும் இன்சுலின் குறைத்துவிடுகிறது. கட்டவிழ்ந்த ஹார்மோன் முகத்தில் முடியாக வருகிறது, பருவாக வருகிறது.

ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதியதும் பயந்துவிட்டாய். அந்தப் பேரே எனக்குப் பிடிக்காது. அது கட்டி கிடையாது. மாதாமாதம் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கி, ஒன்று மட்டும் முழுசாக முற்றி வெடிக்க வேண்டும். உனக்கு எல்லாமே பாதி வழியில் நின்றுபோய் வரிசையாகக் காத்திருக்கின்றன. 1935-இல் சிகாகோவில் ஸ்டீன், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதியதிலிருந்து இந்த நோய்க்கு ஒரு முகம் கிடைத்தது. அப்போது சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத்தான் வைத்தியம். இன்சுலினுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது 1980-ஐ ஒட்டித்தான் தெளிவாகத் தெரிந்தது. மெட்ஃபார்மினைப் பிசிஓஎஸ்ஸுக்குக் கொடுத்துப் பார்த்து முதலில் எழுதியது 1994-இல். உன் பெரியம்மாவுக்குக் கல்யாணமானது அதற்கெல்லாம் வெகு முன்னால். அக்காவுக்கும் கழுத்து அப்படித்தான் கருத்திருக்கும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் தூரமாவாள். கோயில் கோயிலாக அலைந்தாள், ஊரில் சொன்ன சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன்.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஐந்து மாதமாக வரவில்லை என்றதற்கு நீ "ஒரு விதத்தில் நிம்மதியா இருந்துச்சும்மா" என்றாய் அல்லவா, அந்த ஒரு வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

நம் வயலை நினைத்துக்கொள். அப்பா எப்போதும் சொல்வாரே, யூரியாவை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் பயிர் பச்சைப்பசேல் என்று தளதளத்து நிற்கும், ஆனால் ஒழுங்காகக் கதிர் பிடிக்காது, ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும் என்று. கர்ப்பப்பையின் உள்சவ்வுக்கு ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் அந்த யூரியா மாதிரி. வளர் வளர் என்று தள்ளும். முட்டை வெடித்த பிறகு அந்த இடத்திலிருந்து புரோஜெஸ்டரோன் என்ற இன்னொரு ஹார்மோன் சுரக்கும், அது வளர்ச்சியை நிறுத்திச் சவ்வைப் பக்குவப்படுத்தும். கரு தங்காவிட்டால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் புரோஜெஸ்டரோன் இறங்கும், சவ்வு மொத்தமாக உதிர்ந்து வெளியேறும். அதுதான் பீரியட்ஸ். முட்டையே வெடிக்காவிட்டால் புரோஜெஸ்டரோன் ஏது? யூரியா மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது. உடம்பில் கூடுதலாகச் சேரும் கொழுப்பும் தன் பங்குக்கு ஈஸ்ட்ரோஜென் செய்கிறது, இன்சுலினும் நேராகவே சவ்வை வளரச் சொல்கிறது. மாதக்கணக்கில் உதிராமல் தடிக்கும் சவ்வு ஒரு நாள் தாறுமாறாக உடைந்து ஊற்றும், அல்லது உள்ளேயே கோணலாக வளரத் தொடங்கும். பிசிஓஎஸ் இருப்பவர்களுக்குக் கர்ப்பப்பைச் சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு அதிகம். உன் வயதில் மிகவும் அரிது, அதனால் பயப்படாதே, ஆனால் அலட்சியமும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருக்க விடக் கூடாது, அவ்வளவுதான்.

இது நான் புத்தகத்தில் படித்தது மட்டும் இல்லை பாப்பா. 2012-இல், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, எனக்குப் பதினெட்டு நாள் விடாமல் உதிரப்போக்கு. உன்னிடம் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். எனக்குச் சுகர் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, உடம்பும் பருத்திருந்தது. ஸ்கேனில் சவ்வு 16 மில்லிமீட்டர். முதலில் பார்த்த மருத்துவர் தலையை நிமிர்த்தாமலே "பிள்ளை பெத்தாச்சுல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார், பரிசோதனைகூடச் செய்யாமல். எனக்கு அந்த நாள் இன்னும் ஆறவில்லை. வேறொரு டாக்டர் அம்மாவிடம் போனேன், அவர் சவ்வில் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார். ஹைப்பர்பிளேசியா, அதாவது மிகை வளர்ச்சி, ஆனால் செல்கள் கோணலாகவில்லை. அந்த வகை இருபது வருடத்தில்கூட நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் புற்றாக மாறும் என்று பொறுமையாக விளக்கினார். புரோஜெஸ்டரோன் வகை ஹார்மோனைக் கசியவிடும் ஒரு சின்னக் கருவியைக் கர்ப்பப்பைக்குள் வைத்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தபோது சுத்தம்.

அப்போது நான் அவரிடம் கேட்டேன், சுகருக்குத்தான் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேனே, அது சவ்வைக் காக்காதா என்று. ஆய்வகத்தில் சவ்வின் செல்கள் மேல் மெட்ஃபார்மினை விட்டால் வளர்ச்சி மட்டுப்படுகிறது, அது உண்மை. இன்சுலின் குறைவதாலும் நன்மை உண்டு. ஆனால் மனிதர்களில் அது ஒன்றே போதும் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. உனக்கும் அதையேதான் சொல்கிறேன். மெட்ஃபார்மின் வேரைப் பார்க்கும், மெதுவாக. சில பேருக்கு மாதங்கள் கழித்துத்தான் பீரியட்ஸ் ஒழுங்காகும், சிலருக்கு ஆகவே ஆகாது. இடையில் சவ்வை உதிர வைக்கும் வேலை புரோஜெஸ்டரோனுடையது, சில நாள் சாப்பிட்டு நிறுத்தும் மாத்திரையாகவோ, குழந்தை வேண்டாத காலத்தில் கருத்தடை மாத்திரையாகவோ. உன் சீட்டில் அது இல்லை. மறந்தாரா, வெள்ளிக்கிழமை எடுக்கப்போகும் அடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருக்கிறாரா, தெரியாது, நீ கேட்க வேண்டும். சவ்வு எத்தனை மில்லிமீட்டர் என்றும் கேள். அதற்கு முன் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்து கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள், தைராய்டும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் பார்க்கச் சொல்.

மாத்திரை முதல் இரண்டு மூன்று வாரம் வயிற்றைப் படுத்தும். குமட்டும், வயிற்றோட்டம்கூட வரும். சாப்பாட்டுக்கு நடுவிலோ முடித்த உடனோ போட்டுக்கொள். தாங்கவில்லை என்றால் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, அதற்கு மாற்றித் தரச் சொல், நீயாக நிறுத்தாதே. வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையும், அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

அப்புறம் குழந்தை விஷயம். சம்பந்தி அம்மா தீபாவளிக்குக் கேட்டது எனக்கும் வலித்தது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறீர்கள் என்றால் அதுதான் முடிவு. ஆனால் நீர்க்கட்டி இருக்கிறது, எப்படியும் தங்காது என்று நினைத்துக் கவனமில்லாமல் இருக்காதே, மெட்ஃபார்மினால் முட்டை எப்போது வெடிக்கத் தொடங்கும் என்று முன்கூட்டியே தெரியாது. குழந்தை வேண்டும் என்ற நேரத்தில் இதை மட்டும் நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் 626 பெண்களை வைத்து 2007-இல் வெளியான ஆய்வில், மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 7 பேர்தான் குழந்தை பெற்றார்கள், முட்டையை வெடிக்க வைக்கும் குளோமிஃபீன் மாத்திரை சாப்பிட்டவர்களில் 22 பேர். 2014-இல் வந்த இன்னொரு ஆய்வில் குளோமிஃபீனையும் லெட்ரோசோல் முந்தியது. லெட்ரோசோல் எழுதிக் கொடுத்தால் நீ உடனே போனில் தேடுவாய், மார்பகப் புற்றுநோய் மருந்து என்று வரும், நள்ளிரவில் என்னைக் கூப்பிடுவாய். இப்போதே சொல்லி வைக்கிறேன், அது ஈஸ்ட்ரோஜெனைச் சில நாள் குறைத்து, மூளையைச் சினைப்பையை முடுக்கிவிட வைக்கிறது, அதற்காகத்தான் கொடுப்பார்கள்.

உன் ஆபீஸ் தோழி போடுகிறாளே வாரம் ஒரு ஊசி, அதை நீயும் கேட்டிருந்தாய். உடம்பு குறையும், இன்சுலினும் குறையும், பலருக்கு முட்டை வெடிப்பதும் திரும்புகிறது. ஆனால் அந்த ஊசி மருந்து செமாக்ளூடைடு என்றால் கர்ப்பத்துக்குத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு என்றால் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் ஏறாமல் போகலாம், தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் நான்கு வாரம் வேறு பாதுகாப்பு வேண்டும். தோழியிடமும் சொல். யாராவது அவளுக்குச் சொன்னார்களோ இல்லையோ.

சொல்லாமல் விடுவதால் வரும் கஷ்டம் எனக்கே தெரியும். நான்கு வருடம் முன்பு எனக்குச் சுகருக்கு டாபாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரையையும் சேர்த்தார்கள். நல்ல மருந்து, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். அந்தச் சர்க்கரையை உண்டு அந்தரங்க இடத்தில் ஈஸ்ட் பூஞ்சை வளரும் என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும், யாரும் எச்சரிக்கவும் இல்லை. மூன்று வாரம் அரிப்பு, வெள்ளைப்படுதல், தூக்கமில்லை, சோப்பு மாற்றினேன், துணியை வெந்நீரில் அலசினேன், டாக்டரிடம் வாய் திறக்கவில்லை. அறுபதை நெருங்கும் வயதிலும் அப்படி ஒரு கூச்சம். கடைசியில் சொன்னபோது ஒரே ஒரு மாத்திரையில் அடங்கிவிட்டது. நீ அப்படி இருக்காதே, ஐந்து மாதம் என்னிடமே மறைத்திருக்கிறாய், நான்தான் அப்படி வளர்த்துவிட்டேனோ என்னவோ.

அப்பாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அவர் ஒன்றும் பேசவில்லை, யூரியா உதாரணத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், சாயங்காலம் போய் உனக்குக் கேழ்வரகும் கம்பும் வாங்கி வந்து மொட்டை மாடியில் காய வைத்திருக்கிறார். அரைத்து கூரியரில் அனுப்புகிறோம்.

வெள்ளிக்கிழமை ஸ்கேன் முடிந்ததும் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. ராத்திரி எத்தனை மணியானாலும் சரி, முழித்திருப்பேன்.

உன்
அம்மா