தீபாவளிக்கு வெளிச்சுவரில் பெயிண்ட் வேண்டாம், விரிசலை அடைத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி பிறந்ததும் பெயிண்ட் கடைகளில் கூட்டம் கூடிவிடுகிறது. பண்டிகைக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. ஆனால் கடலோர மாவட்டங்களில் வெளிச்சுவருக்கு வண்ணம் பூச ஐப்பசியைப் போலப் பொருந்தாத மாதம் வேறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. டிசம்பர் முடிவதற்குள் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி கொட்டிவிடுகிறது. அவசரமாகப் பூசிய பெயிண்ட் ஒரு வாரம்கூட ஒழுங்காக வெயில் காணாமல் அடைமழையில் மாட்டிக்கொள்கிறது. தை மாதம் அங்கங்கே உப்பி, சித்திரையில் அப்பளம் போல உரிந்து விழும்போது, "மட்டமான பெயிண்ட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். பெரும்பாலும் குற்றம் டப்பாவில் இல்லை, நாம் தேர்ந்தெடுத்த நாளில் இருக்கிறது.

பெயிண்ட் சுவருக்குக் குடை பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தண்ணீர் நல்ல பெயிண்ட் பரப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவது குறைவு. விரிசல், கைப்பிடிச் சுவரின் தலை, சன்ஷேடு சுவரோடு சேரும் மூலை, ஜன்னல் சட்டத்தின் ஓரம், ஏ.சி. குழாய்க்குப் போட்ட ஓட்டை ஆகியவற்றின் வழியாகத்தான் அது நுழைகிறது. நுழைந்த ஈரம் வெயில் வந்ததும் ஆவியாகி வெளியேறப் பார்க்கிறது. வழியில் பெயிண்ட் படலம் இருந்தால் அதைத் தள்ளுகிறது. அதுதான் கொப்புளம். சிமெண்டிலும் மணலிலும் உள்ள உப்பையும் அந்த ஈரம் கரைத்துக்கொண்டு வந்து மேல்பரப்பில் வெள்ளைப் பொடியாக விட்டுச் செல்கிறது. உப்புக் கிணற்று நீரில் கலவை குழைத்த வீடுகளில் இது இன்னும் மோசம்.

எல்லாச் சுவருக்கும் பாதிப்பு ஒரே அளவில் இருக்காது. வடக்கிலிருந்து வீசும் வாடையும் கிழக்கிலிருந்து வீசும் கொண்டலும் சாரலை வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும்தான் நேராக அடிக்கின்றன. கிழக்குச் சுவருக்குக் காலை வெயிலாவது உண்டு. செப்டம்பர் கடைசி முதல் மார்ச் 20 வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சுவர் நேர் வெயிலையே பார்ப்பதில்லை. பாசி முதலில் பிடிப்பதும் கடைசியில் காய்வதும் அந்தச் சுவர்தான். கையில் பணம் குறைவாக இருந்தால் பழுது பார்ப்பதை அங்கிருந்து தொடங்குங்கள்.

இப்போது, மழைக்கு முன் இருக்கும் நாட்களில் செய்ய வேண்டியது கொத்து வேலை. முதலில் மொட்டை மாடி. மழைநீர்க் குழாயின் வாயில் கிடக்கும் சருகையும் மண்ணையும் எடுத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது தடையில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை உருட்டிப் பூசப்பட்டிருக்க வேண்டும். செங்குத்து மூலையாக இருந்தால் அங்கே கட்டாயம் கீறல் இருக்கும். கைப்பிடிச் சுவரின் தலை மாடிப் பக்கம் சரிந்திருக்க வேண்டும். தட்டையாகவோ தெருப்பக்கம் சரிந்தோ இருந்தால், அங்கே சேரும் தூசி ஒவ்வொரு மழைக்கும் முகப்பில் கறுப்புக் கோடாக வழியும். தலைப்பகுதியைச் சுத்தமாகத் தேய்த்து, இரு பக்கமும் அரை அடி கீழே வரை சிமெண்டோடு கலந்து பூசும் நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கோட் கொடுங்கள். ஆயிரக்கணக்கில் பெயிண்டுக்குச் செலவழிப்பவர்கள் இந்தச் சிறு செலவைத் தவிர்ப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

சன்ஷேடின் அடிப்பக்கத்தைத் தலையைத் தூக்கிப் பாருங்கள். விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்க வேண்டும். விளிம்பில் வழியும் நீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் சொட்டி விழுந்துவிடும். பள்ளம் இல்லாத சன்ஷேடில் நீர் அடிப்பக்கத்தை ஒட்டியே சுவர் வரை ஊர்ந்து, ஜன்னல் தலையில் இறங்குகிறது. பல வீடுகளில் ஜன்னலுக்கு மேல் தெரியும் ஓதத்துக்கு, அதாவது ஈரக்கசிவுக்கு, காரணம் இதுதான். அடிவிளிம்பில் கலவையால் ஒரு சிறு வரப்பு வைத்துப் பூசினாலே போதும். ஜன்னல் சட்டத்தின் ஓரத்தை அடைக்கும்போது மேலே பெயிண்ட் பூசக்கூடிய அக்ரிலிக் சீலன்டைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண சிலிக்கான் மீது பெயிண்ட் ஒட்டாது. ஏ.சி.யின் கழிவுநீர்க் குழாய் சுவரிலேயே சொட்டுகிறது என்றால் அதைத் தரை வரை நீட்டுங்கள். இல்லையென்றால் கோடை முழுக்க அந்த இடத்தில் பாசி வளர்ந்துகொண்டே இருக்கும்.

விரிசலுக்கு வருகிறேன். பொறுமை வேண்டிய இடம் இது. மயிரிழைக் கீறல்கள் வலைபோலப் பரவியிருந்தால், பூச்சில் சிமெண்ட் அதிகமாகிவிட்டது அல்லது நனைப்பது போதவில்லை என்று பொருள். அவற்றைத் தனித்தனியாக அடைக்கத் தேவையில்லை. பின்னால் வரும் பிரைமரும் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), நீளும் தன்மையுள்ள பெயிண்டும் மூடிவிடும். அதைவிடப் பெரிதாக, 5 மில்லிமீட்டர் வரை உள்ளவற்றைச் சுரண்டியின் நுனியால் 'வி' வடிவில் அகலப்படுத்தி, தூசியைப் பிரஷால் தட்டி எடுத்து, விரிசல் அடைக்கும் பசையை இரண்டு தவணையாக வையுங்கள். காயும்போது பசை சுருங்கி உள்வாங்கும். ஒரே தடவையில் நிரப்பினால் நடுவில் பள்ளம் விழும். இன்னும் பெரிதானால் உளியால் வெட்டி, நன்றாக நனைத்து, ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த மணல், அதோடு கலவை பிடித்து நிற்க உதவும் லேடெக்ஸ் திரவம் சேர்த்த கலவையால் அடைக்க வேண்டும். திரவத்தின் அளவை டப்பாவில் போட்டிருப்பார்கள். கண்மதிப்பில் ஊற்ற வேண்டாம்.

தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நூல் பிடித்தாற்போல நேராக ஓடும் விரிசலை வெறும் கலவையால் அடைத்துப் பயனில்லை. கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால் அடுத்த கோடையில் அதே கோடு மறுபடி திறக்கும். இரு பக்கமும் நான்கு அங்குலம் பழைய பூச்சை எடுத்து, கோழிவலையை இழுத்து ஆணியடித்து, அதன்மேல் பூச வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் வேறு வகை. அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். சில வாரங்களில் கோட்டைத் தாண்டியிருந்தால் பெயிண்டரை விட்டுவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். சன்ஷேடிலோ தூணிலோ விரிசலோடு துருக்கறையும் தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் எதைப் பூசினாலும் நிற்காது.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். புதிதாக வைத்த சிமெண்ட் பூச்சு 7 நாள் நனைய வேண்டும். மொத்தம் 28 நாளாவது ஆன பிறகுதான் அதில் பெயிண்ட் படலாம். அதற்கு முன் பூச்சில் ஈரமும் காரத்தன்மையும் அதிகம், நிறம் வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். செப்டம்பர் கடைசியில் பூசிய கொத்து வேலைக்கு அக்டோபர் கடைசியில்தான் 28 நாள் முடிகிறது. அதற்குள் மழை வந்துவிடும். பழுதையும் பார்த்து, தீபாவளிக்குப் பெயிண்டும் அடிப்பது என்பது நடக்காத காரியம். இந்தத் தீபாவளிக்குச் சுவரில் சாம்பல்நிற ஒட்டுப்பூச்சு தெரிந்தால் தெரியட்டும். மழை அதைக் கெடுக்காது, சிமெண்ட் நனைய நனைய உறுதிப்படும். பண்டிகைக்கு அழகு வேண்டுமானால், ஓதம் இல்லாத உள்சுவர்களுக்கு அடியுங்கள். வாசல் கதவு, இரும்பு கிரில், கேட் ஆகியவற்றைத் துருப்போக உப்புத்தாளால் தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு அடிப்பூச்சைப் பூசி, எனாமல் அடியுங்கள். கிரில்லின் துரு வழிந்து சுவரைக் கறையாக்குவதும் அதோடு நிற்கும்.

பாசியை மழைக்கு முன்பே கொன்றுவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளியவைத்து, மேலே உள்ள நீரைப் பிரஷால் பூசி, ஓர் இரவு விட்டு, நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம். கழிப்பறை கழுவும் ஆசிடை அதோடு சேர்த்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்தான குளோரின் வாயு கிளம்பும். உப்புப் பூத்த இடத்தில் மட்டும் தண்ணீர் படக்கூடாது. உலர்ந்த பிரஷால் தேய்த்துப் பொடியைத் துணியில் அள்ளி எடுத்துவிடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்தான் போகும். அடிச்சுவரை ஒட்டிக் குவித்த தோட்டமண்ணையும் பூந்தொட்டிகளையும் ஒன்றரை அடி தள்ளிவையுங்கள்.

மழைக்காலத்தில் செய்யக்கூடிய வேலை ஒன்றே ஒன்று. பெருமழை ஓய்ந்ததும் வீட்டின் உள்ளும் புறமும் ஒரு சுற்று சுற்றி, ஓதம் எதுவரை வந்திருக்கிறது என்று பென்சிலால் கோடிட்டுத் தேதி போடுங்கள். நீர் எந்த வழியாக வருகிறது என்பதை அந்தக் கோடுகள் காட்டிக்கொடுக்கும். மேலிருந்து இறங்கினால் மாடியோ கைப்பிடிச் சுவரோ காரணம். தரையிலிருந்து மூன்று அடிக்குள் நின்றால் அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம்.

பொங்கலுக்கு அடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். 2011-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது டிசம்பர் 30 அன்று. போகிக்கு இரண்டே வாரம் இருந்தது. அப்படி நனைந்த சுவர் மார்கழிப் பனியில் காயாது. மாசி வரை பொறுங்கள், வடக்குச் சுவருக்குப் பங்குனி வரை. காய்ந்ததா என்று அறிய எளிய வழி உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் அடைத்துச் சுவரில் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்துக் கோத்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

பிறகு பெயிண்ட் வேலை. உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். வெள்ளையாக மாவு ஒட்டினால் அந்த மாவு போகும்வரை தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். பழைய சுண்ணாம்பு இருந்தால் முழுக்கச் சுரண்டாமல் எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்) அடிக்காதீர்கள், சுண்ணாம்போடு சேர்ந்து பாளம் பாளமாக வந்துவிடும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடாக இருந்தால் சுண்ணாம்பையே தொடருங்கள். அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுப் பிழைப்பது, அதன் மூச்சை அடைக்கக் கூடாது. வழுவழுப்புக்காக வெளிச்சுவர் முழுக்கப் பட்டி (புட்டி) பார்ப்பதும், பிரைமருக்குப் பதில் வெள்ளை சிமெண்ட் அடிப்பதும் நம் ஊரில் வழக்கமாகிவிட்டன. முன்னது மழையில் பாளமாகப் பெயரும், பின்னது மாவாக உதிரும். வெளிச்சுவருக்கான பிரைமர் ஒரு கோட், எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட், நடுவில் நான்கு முதல் ஆறு மணி நேரம், இவை போதும். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் ஏறத்தாழ 50 முதல் 60 சதுர அடி வரும். ஆயிரம் சதுர அடிச் சுவர் 10 லிட்டரில் முடிந்துவிட்டது என்றால் தண்ணீரை அளவுக்கு மீறிக் கலந்திருக்கிறார்கள். வெயில் நேராக அடிக்கும் பரப்பில் பூச வேண்டாம். காலையில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர் என்று நிழலைத் தொடர்ந்து போங்கள்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் பெயிண்டர்கள் ஒரே நாளில் மூன்று வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் கோட் காயும்முன் இரண்டாம் கோட் விழுவது அதனால்தான். மழை தொடங்கியதும் அதே ஆட்கள் வாரக்கணக்கில் வேலையில்லாமல் இருக்கிறார்கள். கொத்தனாரை இந்த வாரமே கூப்பிடுங்கள். பெயிண்டரிடம் இப்போது உள்சுவர் வேலையையும், மாசியில் வெளிச்சுவர் வேலையையும் பேசி முன்பணம் கொடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
கடலூர்